மணல் தோண்ட ஒரு கரண்டி

இன்று ஹென்டர்சனில் ஒரு கடையில், கடல்மணல் அள்ளுகிற ஓட்டைக் கரண்டியைப் பார்த்தேன். எண்பத்தாறாம் ஆண்டுச் சனிக்கிழமை ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது இந்த நாட்டுக்கு வந்த புதிது, நான் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். பொழுது போகட்டும் என்று, கடற்கரை மணலில் புதைந்த காசு தேட பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருந்தேன். தோண்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பாபடோயிட்டோய் புறநகரில் ஒரு கடைக்குப் போனேன்.

ஒரு கையில் தோட்டக் கரண்டி, மறு கையில் ஓட்டைக் கரண்டி.

"மணலில காசு தோண்ட எதை எடுக்கிறது?" என்று எனக்கு நானே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன்.

"மணல்ல தோண்டவா? அப்ப ஓட்டை உள்ளதை எடுங்கண்ணே. மணல் தானா கொட்டிரும், காசு மட்டும் நிக்கும்."

திரும்பினேன். பேச்சை வைத்துப் பார்த்தால் மலேசியத் தமிழர் ஒருவர். நான் தமிழ் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் அவரை விட மனமில்லை.

"பிடி மரத்திலையோ இரும்பிலையோ நல்லது?"

"இரும்புதான். மரம் உப்புத்தண்ணியில ஊறிடும்."

"ஓம், ஓம். நீளம்?"

அதற்குள் வெளியே கார் ஹாரன் அடித்தது. "வீட்டுக்காரி கூப்பிடுறா, வரேண்ணே" என்று ஓடிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அதன்பிறகு பல சனிக்கிழமைகள் அதே கடையில் கரண்டிகளை எடுத்துப் பார்த்தபடி நின்றேன். அவர் வரவில்லை. கடைக்காரர்தான் வந்து, உதவி வேண்டுமா என்று கேட்பார். வெட்கத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்கிவிடுவேன்.

இப்போது என் கராஜில் கிணறு வெட்டும் அளவுக்குச் சாமான் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுங்கோ. ஆனால் தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலமாவது கதைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.