மாதாவுக்குக் கொடுத்த பசை

அண்ணன் மகள் ரெஜினா போன் செய்தபோது வழக்கம்போல் என் வாய்தான் முதலில் திறந்தது. "என்னளா, ஒங்க அம்மா இன்னைக்கு ஷெட்டுக்கு லீவு விட்டுட்டாளா?" என்றேன். "சித்தப்பா, அம்மா எந்திரிக்கல" என்றாள். பிலோமி மதினி போன செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது, கேலிக்குப் பதிலாக.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் என் அண்ணன் மனைவி. கெமிஸ்ட்ரி படித்து, கம்பெனி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு ஷெட் போட்டுப் பசை காய்ச்சினார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன நான் அங்கே டிரம் உருட்டினேன். மதினியைக் கேலி செய்யக் கொழுந்தனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

பசை என்றால் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசை இல்லை. பாலியூரித்தேன் ஹாட்மெல்ட். ஆறிக் கிடக்கையில் மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும். உருக்கித் தடவினால் ஆறும்போதே பிடித்துக்கொள்ளும். அப்புறம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து இறுகும். இறுகிவிட்டால் திரும்ப உருகாது. நம் கடற்கரையிலோ குடிக்கக் கிடைக்கும் ஈரம் அதற்கு அளவு மீறிப் போகும். வெளியூர்ப் பசையெல்லாம் நுரைத்துப் பொங்கி, படகில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின் ஒட்டிய பலகைகள் வாயைப் பிளந்துகொள்ளும். மதினி கண்டுபிடித்த கலவை நனைந்த பலகையிலும் பொங்காமல் நின்றது.

அதற்குப் பேட்டண்ட் கேட்டார். சேர்த்த பொருள் எல்லாம் ஏற்கெனவே உள்ளவைதான், வெறும் கலவைக்கு உரிமை இல்லை என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. எனக்குக் கொண்டாட்டம். "பின்ன என்ன மதினி, நீங்க கேட்டா முக்கு டீக்கட அண்ணாச்சியும் கேப்பாருல்லா?" என்றேன்.

"பாலையும் டிக்காசனையும் கலந்தா பால் ருசியும் டிக்காசன் ருசியுந்தான் வரும். கலந்த எதுலயும் இல்லாத கொணம் ஒண்ணு புதுசா வருதுல்லா, அதுக்குத்தான் கேக்கேன், கொழுந்தனாரே" என்றார். தனித்தனியே போட்டால் பொங்குவதையும் சேர்த்துப் போட்டால் பொங்காததையும் செய்து காட்டி அனுப்பினார். அந்த ஆட்சேபம் அதோடு விழுந்தது.

அடுத்து வந்ததுதான் இடி. இதே வகைப் பசை விற்கும் வெளியூர்க் கம்பெனி ஒன்று எதிர்மனு போட்டது, ஒரு வீடியோவோடு.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது வலையின் முதல் மீன் மாதாவுக்கு. மதினியும் முதல் தடவை காய்ச்சிய பசையைக் கொண்டுபோய், எங்கள் தெருவில் குகை மாதிரிக் கட்டிய கெபியில் இருக்கும் மாதாவின் சப்பரத்தில் சங்கும் சிப்பியும் பதித்தார். பேட்டண்டுக்கு எழுதிப் போடுவதற்கு முன்பே. தூறலில் சப்பரம் தெருவெல்லாம் சுற்றி வந்தும் ஒரு சிப்பி உதிரவில்லை. பூரித்துப்போன மதினி, கேட்டவர்களுக்கெல்லாம் என்ன சேர்த்தேன், எவ்வளவு சேர்த்தேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முன் ஊரறிந்த பொருள் புதுசு ஆகாதாம்.

மதினி அமர்த்தியிருந்த இளவயசு வக்கீல் தம்பி ஒரு வழி சொன்னார். "சோதனைக்காக வெளியில் வைத்தோம் என்று சொல்லுங்கள் மேடம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது."

"மாதாவுக்குக் குடுத்தத டெஸ்ட்டுன்னா சொல்லச் சொல்லுதீய?" என்றார் மதினி.

உரிமை கிடைக்காவிட்டால் அந்தக் கம்பெனியே அதைக் காய்ச்சி மலிவாக விற்கும். ஷெட்டை மூட வேண்டியதுதான். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கும் அது தெரியும். விசாரணை கம்ப்யூட்டரில் நடந்தது. நான் கேமராவுக்குத் தப்பி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "அது காணிக்கை சார். சோதனை இல்லை" என்றார் மதினி. வக்கீல் தம்பி நெற்றியில் கை வைத்தது திரையில் தெரிந்தது. உரிமை இல்லை என்று உத்தரவு வந்தது.

"ஒரு பொய்தான மதினி? மாதாவுக்குப் பேட்டண்ட் சட்டமா தெரியப்போவுது?" என்றேன்.

"அவளுக்குத் தெரியாதுல. எனக்குத் தெரியும்லா?"

நான் டிரம் உருட்டப் போய்விட்டேன்.

ஷெட்டை அவர் மூடவில்லை. ஐஸ் பெட்டிக்காரர்கள் அவரை விட்டுப் போகவில்லை. வந்ததை வைத்து ஓட்டிக்கொண்டே மறுபடி அடுப்பு முன் நின்றார். இந்த வருஷம் வேறொரு கலவை கைகூடியது. பழையதைவிடக் கெட்டி. முதல் கட்டியை ஒரு டின்னில் போட்டு வாயை அடைத்து, கெபியில் மாதாவின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். கூடப் போன என்னிடம் மட்டும் சொன்னார்: "போன தடவ மாதாவுக்குத்தான் குடுத்தேன்னு நெனச்சேன். பாதி, ஊருக்குக் காட்டக் குடுத்திருக்கேன் பாத்துக்க."

உரிமை போனதற்கு ஊரெல்லாம் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷி தனக்குள் போய் எதைத் தேடிப் பிடித்திருக்கிறார் பாருங்கள். கடலைப் பார்த்துக்கூட நான் அப்படி மலைத்து நின்றதில்லை.

புதுக் கலவையின் கைப்பக்குவத்தை ரெஜினாவுக்கும் எனக்கும் மட்டும் சொல்லியிருந்தார். எழுதி வக்கீலிடம் கொடுத்தாகிவிட்டது. ஆபீசில் பதிவாகும் முன் மதினி போய்விட்டார். இனி ரெஜினாதான் பதிய வேண்டும்.

அடக்கத்துக்கு அந்தக் கம்பெனி ஆளும் மாலையோடு வந்திருந்தார். என் தோளில் கை போட்டு, "ஐயா, மேடம் கடைசியா என்னமோ புதுசா சேத்தாங்களாமே?" என்றார். பூசை நேரத்தில்கூட வாயை மூடத் தெரியாதவன் நான். பதிலாக நாலு கேலி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஒன்றையும் விடாமல் விழுங்கிவிட்டு, கல்லறைப் பக்கம் திரும்பி நின்றேன்.

நீங்களும் கேட்காதீர்கள். மதினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மௌனம்தான்.