தரையில் இருந்த நான்கு ஓட்டைகள்

வினாகிரிப் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் எனக்குச் சமையல் ஞாபகம் வருவதில்லை, அப்பாவின் கைகள்தான் ஞாபகம் வரும். கதவிடுக்கு, யன்னல் விளிம்பு என்று கண்ட இடமெல்லாம் அவர் பூசிய சிலிக்கோன் பசைக்கு அதே புளித்த மணம். அந்தக் குளிர்காலம் முழுவதும், எவ்வளவுதான் சவர்க்காரம் போட்டுக் கழுவியும், அது அவருடைய விரல்களை விட்டுப் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஆரா என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். கூட வேலை செய்த ஒருவர் ஓய்வுபெற்றபோது, தன் வளவில் பாசி பிடித்துக் கிடந்த பழைய ‘வோன்மொபில்’ ஒன்றை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். படுக்கை, மேசை, காஸ் அடுப்பு எல்லாம் உள்ளேயே இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்கு ‘வீட்டு வான்’ என்று பெயராயிற்று. கோயிலில் கண்டவர்கள், “என்ன, இருந்த வீட்டாலை எழுப்பிப்போட்டாங்களோ?” என்று அப்பாவைப் பகிடி பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

அவர் அதை உல்லாசத்துக்கு வாங்கவில்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இத்தாலியில் ஜெனோவாவில் இருந்தார். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் கண்டு பதினொரு வருடமாகியிருந்தது. அகதிகளாக வந்த எங்களிடம் இருந்த ‘எஃப்’ என்ற தற்காலிக வதிவிட அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. அது ஒருவழியாக, எல்லை தாண்ட விடும் ‘பி’ அட்டையாக மாறிய நேரத்தில் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒன்றைவிட்ட ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டிய நிலை. அவரால் வர முடியாது. அம்மாவுக்கோ முதுகெலும்பில் தட்டு விலகி, அரை மணித்தியாலத்துக்கு மேல் எந்த இருக்கையிலும் இருக்க முடியாது, ஆகவே ரயிலும் சரிவராது. வழிநெடுக நிறுத்தி, அம்மாவைப் படுக்கவிட்டு எழுப்பியாவது கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று அப்பா முடிவெடுத்தார். “சித்திரைக்கு வாறம் எண்டு அக்காவுக்குச் சொல்லும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆணி அடிக்கத் தெரியாத மனிதர் அவர். மொழி விளங்காத காணொளிகளில் பேச்சை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்துப் பார்த்து வேலை பழகினார். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு பண்ணைக் கொட்டகையில் நிறுத்தியிருந்த வானுக்கு நாங்கள் மூவரும் போவோம். அவருடைய முதல் எதிரி குளிர். காஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், நான்கு வட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றால் ஏறிய காற்று நேரே அம்மாவின் படுக்கையில் அடித்தது. “இந்தக் காத்துப் பட்டால் உமக்கு முதுகு, நாரி எல்லாம் பிடிக்கும்” என்று சொல்லிக்கொண்டே அப்பா பசைக் குழாயை எடுத்தார். ஓட்டைகளை ஒட்டினாற்போல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது.

“பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு?”

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது. அட்டை அலுவலகக் கடிதம், பள்ளிக்கூடத் தாள், பல் வைத்தியரின் துண்டு, பால் பெட்டியின் பின்பக்கம், எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். அன்றைக்குப் பின்னேரம் என் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். ஸ்டிக்கரில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஐந்து வரி, பொடி எழுத்து. முதல் வரி மட்டும் சிவப்பில், அடைக்கக் கூடாது என்று. வாசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார், மிச்சத்தையும் விளக்கவேண்டும், கேக் வெட்டி முடிந்துவிடும்.

“கொம்பனிப் பேர், அப்பா.”

பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று அவர் ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். நான்கு ஓட்டைகளும் மூடப்பட்டன. பிறகு சுவரெல்லாம் வெள்ளித் தாள், அதன்மேல் கம்பளம். அதற்குப் பிறகுதான் அம்மா வானுக்குள் முதன்முறையாக ஸ்வெட்டரைக் கழற்றினார். அந்த அடுப்பிலேயே சோறு வடித்துச் சாப்பிட்டோம். கூரையிலிருந்து நீர் சொட்டியது. “சோத்து ஆவிதானே” என்று அப்பா துவாயால் துடைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பிறகு கண்டதில்லை.

பங்குனியில் வாகனச் சோதனை. அது முடிந்த சனிக்கிழமை புறப்படுவதாக இருந்ததால், பெரியம்மாவுக்கென்று அம்மா பயற்றம் உருண்டை பிடித்து வைத்திருந்தார். சோதிப்பவர் கம்பளத்தைக் கிளப்பி, சுவரில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது தேநீரில் நனைந்த பிஸ்கட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது. வெளியேற வழியில்லாத ஈரம் மரச்சட்டங்களை உளுத்துப்போகச் செய்திருந்தது. பிறகு அவர் தரையைக் காட்டினார். காஸ் கசிந்தால் கீழே இறங்கி வெளியேறுவதற்காகத்தான் அந்த ஓட்டைகள் என்றும், நாங்கள் உயிரோடு இருப்பதே அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். இங்கே எழுதியிருந்திருக்குமே என்று, ஸ்டிக்கர் இருந்த இடத்தின் நாற்சதுரக் கறையில் விரலை வைத்தார். எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன், அதையும் சொன்னேன்.

அப்பா கறையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“எனக்கு டொச் வாசிக்கத் தெரியாது எண்டு அவரிட்டச் சொல்லு, பிள்ளை.”

சொன்னேன். பிழையில்லாத டொச்சில், அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று. வாசிக்கத் தெரிந்த நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வான் உடைசலுக்குப் போயிற்று. பயற்றம் உருண்டைகளை நாங்களே ஒரு கிழமையாகச் சாப்பிட்டு முடித்தோம். ஆடியில் பெரியம்மா இறந்துபோனார். செத்தவீட்டை அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, தொலைபேசியை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தார். கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது. யாரையும் அவர் குறை சொல்லவில்லை. “வான் நல்ல சூடாய்த்தானே இருந்தது” என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

அந்த வருடமே அப்பா டொச் வகுப்பில் சேர்ந்தார். வேலை முடிந்து, ஈரச் சப்பாத்தோடு, தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு இருந்து படித்தார்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் ஐந்தாறு மணித்தியாலம் ரயிலில் இருக்க முடிகிறது. போய்ப் பார்ப்பதற்குத்தான் ஜெனோவாவில் ஆளில்லை. போன கிழமை நான் வீட்டுக்குப் போனபோது, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் புதிய மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை எழுத்தெழுத்தாக, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லில் தடக்குப்பட்டு நின்றார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். நான் எதிரே இருந்தேன், கேட்கமாட்டாரா என்று. அந்தச் சோதனை நாளுக்குப் பிறகு, எதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவர் என்னிடம் கேட்டதேயில்லை.