ஆரோ ஸ்டிக்கர் ஒட்டிய தமிழ்ப் புத்தகம்

1. கேட்டிலிருந்து வந்த போன்

செக்கிங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் பனியனில் குறை பார்த்து வருகிறேன். செக்கிங் டேபிளைப் பாதியில் விட்டு எழுந்தது ஒரே ஒரு நாள்தான்.

அன்று சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறொரு கம்பெனியின் ஹெச்.ஆர். பெண் போன் செய்தாள். முன்பு என்னிடம் வேலை பார்த்தவள்.

"அக்கா, உங்க நந்தினி எங்க கேட்டுல நிக்குதுங்க. செக்கிங்குக்கு ஆள் எடுக்கறீங்களான்னு கேக்குது. ஸ்கூல் யூனிபார்ம்லயே வந்திருக்குது. உள்ள உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்திருக்கறேன். பதறாம வாங்க."

நந்தினி என் மகள். ஒன்பதாம் வகுப்பு. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். "ஏன் கண்ணு இப்படிப் பண்ணுனே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தமிழ் வராதும்மா. செக்கிங்குன்னா தப்புக் கண்டுபுடிச்சாப் போதுமல்ல. அது உன்னயப் பாத்தே வந்துரும்."

அந்த ஹெச்.ஆர். பெண்ணின் நம்பரிலிருந்து இன்றைக்குப் போன் வந்தாலும் உடனே எடுக்க முடியவில்லை.

2. குரலில் வீட்டுப்பாடம்

என் கணவர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். அவர் வேலைக்காக எட்டு வருடம் லூதியானாவில் இருந்தோம்; அங்கேயும் எனக்குச் செக்கிங் வேலைதான். நந்தினி அங்கே இந்தியில் படித்தாள். வீட்டில் தமிழ் பேசினாள், எழுத்து தெரியாது. திருப்பூருக்குத் திரும்பி வந்து அரசுப் பள்ளியில் சேர்த்தபோது, எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசிப்பதற்குள் பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்துவிடும்.

அவளுடைய தமிழாசிரியை ஜெபராணி டீச்சர் தூத்துக்குடிப் பக்கம். பள்ளிக்குள் போனுக்கு அனுமதி இல்லை. அதனால் சாயங்காலம் வீட்டில், பெற்றோரின் போனில், ஒரு பத்தியை வாசித்து டீச்சருக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். வகுப்பு குரூப்பில் போடக் கூடாது, மற்றவர்கள் கேட்டுவிடுவார்கள். டீச்சரும் குரலிலேயே பதில் சொல்வார். வாரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டர் ரூமில் ஹெட்போன் மாட்டி, தாங்கள் வாசித்ததைத் தாங்களே கேட்டு, அதைத் தமிழில் டைப் செய்ய வேண்டும்.

பெண் பிள்ளை கையில் போனா என்று பயந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் பத்தி நாலு நிமிடம் ஓடியது. டீச்சரின் பதிலை மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"முழுசா வாசிச்சிட்டியே நந்தினி. மூணாவது வரியை மட்டும் நாளைக்கு இன்னொருவாட்டி வாசிச்சு அனுப்பும்மா."

நான் எண்ணியதில் பதினோரு தப்பு. டீச்சர் சொன்னது ஒன்று. தினமும் இதே கதை. இந்த அம்மா என் டேபிளில் ஒரு நாள் தாங்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஒரு ரோல் ஆரோ

பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதைத்தான் ஆரோ என்கிறோம். கம்பெனி ஸ்டோரில் சொல்லி ஒரு ரோல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நந்தினி வாசிக்க வாசிக்க, தடுக்கிய சொல்லில் எல்லாம் ஒட்டினேன். இரண்டு பக்கம் முடிவதற்குள் புத்தகம் சிவந்துவிட்டது.

"போதும்மா" என்று மூடிவிட்டாள். அடுத்த மூன்று நாள் அவள் போனைக் கேட்கவில்லை. தனியாகப் பழகுகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள்தான் அந்தப் போன் வந்தது.

4. கம்ப்யூட்டர் ரூம்

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னதுக்கா?"

"ஆரோங்க டீச்சர். தப்பு எங்கீங்கன்னு காட்டறதுக்கு. பதினோரு தப்புக்கு நீங்க ஒண்ணுதானுங்க சொல்றீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து நந்தினியின் பக்கத்தைத் திறந்தார். நான் எண்ணிய பதினொன்றும் அதில் இருந்தன. நான் தவறவிட்ட இரண்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கு எதிரிலும் அதை என்றைக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்திருந்தார். வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் அப்படி ஒரு பக்கம். இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமான செக்கிங் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை.

"சொல்லாம விட்டா அப்படியே பாஸ் ஆயிருமில்லீங்க?" என்றேன், விடாமல்.

"பனியனை நாளைக்குப் பொட்டி கட்டணும்க்கா. இவளை நாளைக்கேவா கட்டப் போறோம்? நாள் கெடக்குல்லா."

பிறகு கம்ப்யூட்டரில் நந்தினியின் போல்டரைத் திறந்தார். முதல் பதிவைப் போட்டார். எழுத்தெழுத்தாக நாலு நிமிடம். கடைசிப் பதிவைப் போட்டார். அதே அளவுப் பத்தி, இரண்டு நிமிடம்கூட இல்லை. நடுவில் ஓர் இடத்தில் என் மகள் கதையை ரசித்து லேசாகச் சிரித்திருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை.

"அடுத்தது போடுங்க டீச்சர்."

"அடுத்தது இல்லக்கா. ஆரோ ஒட்டுனதுக்கப்புறம் பைலே வரலை."

நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து ஸ்டிக்கர்களை உரித்தோம். சில இடங்களில் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசியில் டீச்சர் நந்தினியிடம், "ஒண்ணை விட்டு வை. எதுன்னு நீயே பாரு" என்றார். அவள் நேரம் எடுத்து ஒன்றை விட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் போனைக் கேட்டு வாங்கி அந்த வரியை அனுப்பினாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

5. டேபிளில்

குறையுள்ள பீஸை இன்றும் நான் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆரோ உண்டு. ஆனால் புது டெய்லரிடம் போகும்போது, "இன்னிக்குக் கழுத்து ரிப் பட்டையை மட்டும் பாரு கண்ணு" என்கிறேன். மற்றவை என் நோட்டில் இருக்கின்றன. நோட்டுப் போடும் பழக்கம் டீச்சரிடம் கற்றது.

போன வாரம் நந்தினி வாசித்துக்கொண்டே வந்து, "இல்ல, தப்பு" என்று தானே நிறுத்தி, திரும்ப வாசித்தாள். டீச்சரின் பதில்: "இன்னைக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீயே சொல்லிட்ட."

பத்தாம் வகுப்பை நினைத்தால் இன்னும் பயம்தான். உங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: தப்பை எல்லாம் பாருங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மெஷினில் இருப்பவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மறுநாள் அவர் வந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.