ஊர் குளிர்ந்ததா?

எல்லையம்மனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வேம்புலியக்கா பேசிக்கொண்டிருந்தார். “இன்னா தாயே, ராத்திரி ஃபுல்லா கொசு புடுங்கிச்சா? இரு, பொக போட்றேன்.” இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அடித்தது. அதையும் ஓர் அதட்டு அதட்டிவிட்டு, மஞ்சளைக் குழைத்து அம்மன் கன்னத்தில் பூசினார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் கோயில் அது. தன் அம்மா போனபின் சின்ன வயதிலேயே அக்கா பூசாரி ஆகிவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாக்கிங் வேலைக்குப் போன காலத்திலும் அம்மனைக் குளிப்பாட்டாமல் பஸ் ஏறியதில்லை. மந்திரம் ஒன்றும் தெரியாது, பேசத்தான் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். பேச்சுக்குக் குறைச்சல் இல்லைதான். அம்மனுக்கே சில நாள் காது வலிக்கும்.

ஆனால் கோயிலுக்குள் சூடான சொல் வரக்கூடாது. எண்ணெய் தீர்ந்துபோனால் “எண்ண நெறஞ்சிகீது” என்பார். விளக்கை அணைக்கமாட்டார், குளிரவைப்பார். ஒருமுறை நான் திருநீறு இல்லையே என்று சொல்லி வாய் மூடவில்லை, வேப்பிலைக் கொத்தால் தலையில் ஓர் அடி விழுந்தது. அதே அக்கா வெளியே வந்து தண்ணீர் லாரிக்காரரைத் திட்ட ஆரம்பித்தால் நாம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாளில்தான் அந்தக் குளிர்ந்த வாய்க்கு முழு அதிகாரம். கூழ்ப்பானையின் வாயில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். அக்கா அதன் முன்னால் நின்று, “ஊரு குளுந்துச்சா?” என்று கேட்பார். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் “குளுந்துச்சு தாயே” என்று சொல்ல வேண்டும். மனஸ்தாபத்தில் யாராவது வாயை மூடிக்கொண்டு நின்றால் துணி அவிழாது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு வருஷம் லேசில் அவிழவில்லை. நாங்கள் குடியிருந்த டிஃபன்ஸ் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குழாயடிச் சண்டை. திருநெல்வேலிக்காரரான என் அப்பாவும், பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர்க்காரர் கலியமூர்த்தி மாமாவும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். “ரெண்டு நைனாவும் வாயத் தொறங்க, கொயந்தைங்க பசியோட கீது” என்றார் அக்கா. அப்பா முணுமுணுத்தார். மாமா இருமிவிட்டுச் சொன்னார். அன்று சாயங்காலம் இருவரும் எங்கள் வீட்டில் சீட்டாடினார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. ஆனால் அந்தக் கூழின் புளிப்பும், அவர்கள் சீட்டை அடித்துப் போடும் சத்தமும் என்னைவிட்டுப் போகவில்லை. அந்தச் சாயங்காலத்துக்காக எனக்கு இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஊரையெல்லாம் குளிரவைத்த அக்காவுக்கும் ஒரு கொதிப்பு வந்து சேர்ந்தது. தாயில்லாத தம்பி கோதண்டத்தை ஊட்டி வளர்த்தவர் அவர். அந்தத் தம்பி மகள் காவ்யாவின் கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அக்காமேல் சாமி வந்துவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயமாம். அதற்கப்புறம் அக்கா தம்பியின் பெயரையே எடுத்ததில்லை. கூழுக்கு வெங்காயம் நறுக்கும்போது மட்டும் ஒருமுறை, “ஒருத்தனுக்கு இது ஆவவே ஆவாது. பல்லுல பட்டா துப்பிடுவான்” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

போன ஆடியில் கோதண்டம் வந்தார். பாரிவாக்கத்திலிருந்து தனியாக வந்து, மின்கம்பத்தின் ஓரமாக நின்றார். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

“ஊரு குளுந்துச்சா?”

எல்லோரும் சொன்னோம். கோதண்டத்தின் குரல் எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் உடைந்து கேட்டது. அக்காவின் கை துணியின் முடிச்சு வரை போய் அங்கேயே நின்றது. கூட்டம் காத்திருந்தது. கலியமூர்த்தி மாமாவின் மனைவி பத்மா மாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“எல்லாரையும் கேட்டியே வேம்புலி, நீ சொன்னியாம்மா?”

இத்தனை வருஷத்தில் பூசாரியை யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கே அது தோன்றியிருக்காது. அம்மன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“குளுந்துச்சு தாயே” என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

துணி அவிழ்ந்தது. வாய்வார்த்தைக்குச் சொல்லி வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம்தான். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், நீட்டிய பாத்திரங்களில் வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் கோதண்டத்தின் சொம்பு வந்தது. அக்கா கரண்டியில் கூழை மொண்டார். ஊற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் அதில் மிதந்த வெங்காயத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட ஆரம்பித்தார்.