வாட்டர் கூலரும் ஒரு புகாரும்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அலுவலக வாட்டர் கூலரைத் தொட்டதும் இன்று எனக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது.

துப்புரவு வேலை பார்க்கும் சுனிதா ஓடி வந்தார். "தொடாதீங்க மேடம்ஜி, எனக்கு நாலு மாசமா அடிக்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை சொன்னேன். செருப்பு போட்டுக்கிட்டுத் துடைன்னார்."

உடனே புகார் எழுதினேன். சுனிதாவின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"வேணாம் மேடம்ஜி. நான் கான்ட்ராக்ட்."

என் பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்துவிட்டார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார்.

"எனக்கு முன்னாடியே வேற ஒருத்தருக்கு அடிச்சிருக்கு சார்."

"அச்சா" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

உங்கள் ஆபீஸில் யார் சொன்னால் காது கேட்கும்?