தாயின் பெயர் என்ற கட்டம்

விழுப்புரத்தில் திருநங்கைகளுக்கென்று நடத்திய முகாமில் அடையாள அட்டைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் 'தாயின் பெயர்' என்று ஒரு கட்டம். நான் யோசிக்கவே இல்லை, அம்மாவின் பெயரை எழுதினேன். பெற்றவளின் பெயரை அல்ல. அவள் திண்டிவனத்தில் இருக்கிறாள். பதினேழு வயதில் என் துணிமணிகளைத் தெருவில் வீசியவள். நான் அம்மா என்று சொல்வது, ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைகள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் என்னை மகளாக எடுத்துக்கொண்ட திருநங்கையை. எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அடையாள அட்டையும் அந்தப் பெயரோடு வந்தது. அதற்கு முத்தம் கொடுத்தேன், பைத்தியக்காரி.

பாலின மாற்று அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். இலவசம் என்றதும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பெண்தான் என்று மனநல மருத்துவருக்குப் புரியவைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் சென்னைக்கு அலைந்தேன். ஒருவழியாகத் தேதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் காப்பீட்டுப் பிரிவில் ஒருவர் என் காகிதங்களைப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழில் ஒரு தாய், அட்டையில் வேறொரு தாய்.

"உனக்கு எத்தினி அம்மா?" என்று சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது.

திருத்துவதற்கு அவரே வழியும் சொன்னார். அட்டையில் இருப்பவர் என் தாய் அல்ல, எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று நான் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜமாத்தில் 'உறவு இல்லை' என்ற வார்த்தையைச் சொன்னால் தீர்ந்தது, பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. பேனாவை மூடி வைத்தேன். அம்மாதான் அதட்டினாள்.

"எழுதுடி. தேதி பூடும். பேப்பர்ல இல்லன்னா நான் உனக்கு இல்லாம பூடுவேனா?"

எழுதினேன். அவளும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் கட்டில் கொடுத்தார்கள். செவிலியர் ஒரு படிவத்தை நீட்டி, "சொந்தக்காரங்க யாராவது கையெழுத்து போடணும்" என்றார். அம்மா பேனாவை வாங்கிக் குனிந்தாள். அதற்குள் என் கோப்பைப் புரட்டிய செவிலியர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவங்க உனக்கு எந்த உறவும் இல்லன்னு நீதானே எழுதிக் குடுத்திருக்க?"

"ஆறு வருசமா நான்தாங்க இவள பாத்துக்கினு இருக்கிறேன்" என்றாள் அம்மா.

செவிலியர் கெட்டவர் இல்லை. போய் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் என் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். அம்மாவை யாருமில்லாதவளாக்கியது அரசாங்கத்தின் காகிதம்தான், ஆனால் கையெழுத்து என்னுடையது.

திரும்பும் பேருந்து திண்டிவனத்தில் நின்றது. அம்மா என் தோளைத் தொட்டாள்.

"எறங்கு. உன்னப் பெத்தவகிட்ட அந்தக் கையெழுத்த கேட்டுப் பாக்கலாம். அவ கால்ல வேணா நான் வுழறேன்."

நீ யார் காலிலும் விழ வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் நான் இறங்கினேன்.