சூளைக்குப் பூஜை போட்ட தசரா

மரம் உலர்த்தும் சூளை என்றால் எல்லோரும் நெருப்பைத் தேடுகிறார்கள். எங்கள் சூளையில் நெருப்பு கிடையாது. இறுக்கி மூடிய ஓர் அறை. உள்ளே பலகை அடுக்கு, மின்விசிறிகள், ஹீட்டர். ஓரத்தில் ஏ.சி.க்கு அண்ணன் மாதிரி ஒரு கம்ப்ரெஸர். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராக வெளியே தள்ளும். அப்பாவுக்குக் கிடைத்தது போல எனக்குக் கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கவில்லை. போசரி தொழிற்பேட்டைக்குப் பஸ் பிடித்துப் போய் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வெளிநாடு போகும் பெட்டிகளின் பலகையில் பூச்சி உயிரோடு இருக்கக் கூடாது. அதற்கு உலர்த்தினால் மட்டும் போதாது. பலகையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரியைத் தொட்டு அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். அந்தச் சூட்டைக் கம்ப்ரெஸர் தாங்காது, அணைத்துவிட வேண்டும். எங்களுடையது கிழட்டு மிஷின். அழுத்தம் ஏறினால் தானாக நிறுத்தும் சுவிட்ச் செத்துப் பல காலம். மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அந்த வருடம் கையிலிருந்தது ஒரே ஒரு ஆர்டர். அதுவும் தவறினால் சூளையை விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் தசராவன்றும் சூடேற்றிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜையென்றால் எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைக்கூடத் தொடமாட்டோம். அந்த மராத்திக்காரர் ஷெட்டில் தசராவன்றுதான் பூஜை, அதுவும் நேர்மாறு. சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லா மிஷினையும் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும்.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் என் மனைவியும் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். நான் சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சூளையின் பின்பக்கம் போயிருந்தேன். முதலாளி நல்ல மனுஷர், அதுதான் வினையாகிவிட்டது. சுமங்கலி கையால் நடக்கட்டும் என்று அவளைக் கூப்பிட்டுக் கம்ப்ரெஸரின் பச்சைப் பொத்தானைக் காட்டினார். ஓடாமல் நின்றது அது ஒன்றுதானே. அவள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, அமுக்கினாள்.

நான் ஓடி வருவதற்குள் குழாய் வெடித்துவிட்டது. பின்னாலேயே மின்சாரப் பேனலில் குப்பென்று புகை. ஹீட்டர், விசிறி எல்லாம் நின்றன. ஐம்பத்தாறைத் தொடாமலே சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் பேடா டப்பாவைக் கொடுத்து ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

ஆர்டர் போயிற்று. சூளையைப் பழைய இரும்புக்காரன் பிரித்து அள்ளிக்கொண்டு போனான். என் வயதைக் கேட்டதும் வாட்ச்மேன் வேலைக்குக்கூட யோசிக்கிறார்கள்.

"ஏங்க, நான் கை வெச்சதாலதானே?"

"மிஷினே கண்டம். இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கிப் போயிருக்கும்."

"சும்மா சொல்லாதீங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குழாய், அழுத்தம், செத்த சுவிட்ச் எல்லாவற்றையும் விளக்கினேன். எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

போன மாதம் மகளுக்கு வளைகாப்பு. முதல் வளையல் போட என் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

"சம்பந்தியம்மா போடட்டும். என் கை வேணாம்" என்று சொல்லிவிட்டு இவள் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். மகள் நீட்டிய கையை மடக்காமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.